நின்ற தேருக்கு என்ன நோய்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெரிய தேர் ஓடுவது ஆடிப்பூரத்தன்று. அதன் பிறகு அடுத்த ஆடி வரை வெயிலும் மழையும் பார்த்துக்கொண்டு நிலையிலேயே நிற்கிறது. தேரோட்டம் என்று பேசிப் பழகிவிட்டோமே தவிர, தன் ஆயுளில் பெரும்பகுதியை நின்றே கழிக்கிற வண்டி அது. ஆகவே ஏதாவது ஓர் ஊரில் தேர் ஓடாமல் நின்றுவிட்டால், "மரம் உளுத்துப்போச்சு, அச்சு போச்சு" என்ற பதிலோடு திருப்தி அடைய முடியவில்லை. எல்லாத் தேரிலும்தான் மரம் உளுக்கிறது. சில தேர்கள் மட்டும் ஏன் பத்து, இருபது ஆண்டுகள் என்று முடங்கிவிடுகின்றன? பல மாதம் ஷெட்டில் கிடந்த பழைய அம்பாசடர் கிளம்பிக் கிளம்பி அணைந்தால், ராஜபாளையத்து மெக்கானிக் எடுத்தவுடன் எஞ்சினைப் பிரிக்க மாட்டார்; கார்பரேட்டரில் காய்ந்து பிசினாகிவிட்ட பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகிப்பார். தேர் விஷயத்திலும் பழுதை மரத்தில் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அதை நகர்த்துகிற ஆட்களின் ஏற்பாடு. முதலில் கலைவது அதுதான். மரம் அப்புறம்தான் கெடுகிறது.

திருவாரூர் ஆழித்தேர் இதற்கு நல்ல சாட்சி. பழைய தேர் தீக்கிரையான பிறகு செய்யப்பட்ட புதுத் தேர் 1930-ல் ஓடத் தொடங்கியது, 1948-ல் நின்றது. அப்போது அதற்கு வயது 18. தேருக்கு அது இளமை. பிறகு 22 ஆண்டுகள் நிலையில் கிடந்து 1970-ல் மறுபடி ஓடியது. மூப்பினால்தான் தேர் நிற்கிறது என்றால், 18 வயதில் நின்ற தேர் 40 வயதில் எப்படி ஓடியிருக்கும்? 1970-ல் கூடி வந்தது பணம், அரசின் முனைப்பு, ஊராரின் விருப்பம், இழுக்க ஆள் எல்லாம்தான்.

ஆள் என்றால் வடம் பிடிக்கும் கூட்டம் மட்டுமல்ல. மரச்சக்கரத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. சக்கரத்துக்குப் பின்னால் கனத்த தடியைக் கொடுத்து, அதன் மறுமுனையில் பத்துப் பேர் ஏறி மிதிக்க வேண்டும். சக்கரம் இம்மி எழும்பும் அந்த நொடியில் முன்னால் வடம் இறுக வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அத்தனை பேர் பலமும் வீண். முன்சக்கரத்தின் கீழே சறுக்குக்கட்டை போடுகிறவர், எந்த ஓரத்தில் கட்டையை வைத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். சக்கரம் கட்டையைக் கவ்வுமுன் கையை எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ரத வீதி மூலையில் தேரைத் திருப்புவது இந்த நாலைந்து பேரின் கணக்கு. அந்தக் கணக்கு எந்த ஓலையிலும் இல்லை. அப்பன் போடும்போது பக்கத்தில் நின்ற மகனுக்கு வருகிறது. இருபது ஆண்டு தேர் ஓடாவிட்டால் பக்கத்தில் நிற்க இடமே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காலத்தில் தேர் நிலை சேர நாட்கணக்கில் ஆனது. நடுத்தெருவில் நின்ற தேரை மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து இழுக்க ஆள் இருந்தது என்பதுதான் அதன் பொருள். மரமும் வடமும் கொடுக்க ஜமீன்களும், ஆள் அனுப்பக் கடமைப்பட்ட கிராமங்களும் இருந்த உலகம் அது. 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த உலகத்தை முடித்துவைத்தது. (திருவாரூர்த் தேர் நின்றதும் அதே ஆண்டுதான் என்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது, தஞ்சைப் பக்கம் பெரும்பாலும் மிராசு.) அதற்கும் முன்பே, 1936-ல், பக்கத்து ஊரில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியிருந்தார். பஞ்சாலைச் சங்கு ஊதும் ஊரில் திருவிழாவுக்கு ஒருநாள் லீவு கிடைக்கும்; தேர் நகர்கிறவரை கிடைக்காது. இது என் ஊகம்தான். ஆனால் நாட்கணக்கில் நடந்த தேரோட்டம் சுருங்கியாக வேண்டிய நெருக்கடியை உளுத்த மரத்தைவிட இது நன்றாக விளக்குகிறது.

"இரும்புச் சக்கரம் வந்த பிறகுதானே தேர்கள் ஓடுகின்றன? அப்படியானால் கோளாறு சக்கரத்தில்தானே?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரும் இரும்பு அச்சு, பிரேக் என்று மாறி ஒரே நாளில் நிலை சேர்கிறது. முன்பு பல பேர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையை அந்தப் பிரேக் பாதுகாப்பாகச் செய்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் இரும்பு, நின்றுபோவதிலிருந்து தேரைக் காப்பாற்றவில்லை. இரும்புச் சக்கரத்தோடு இருந்த அதே ஆழித்தேர் திருப்பணிக்காகச் சில ஆண்டுகள் முடங்கி, 2015-ல் வெள்ளோட்டம் கண்டு, 2016-ல்தான் மறுபடி வீதிக்கு வந்தது. ஆள் குறைவதை இரும்பு ஈடுகட்டும். ஆளே கூடாவிட்டால் அதற்கும் வேலை இல்லை.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சங்கதி இன்னும் பச்சையாகத் தெரிகிறது. யார் வடம் பிடிப்பது, தலித்துகள் பிடிக்கலாமா என்ற தகராறில் 1998-ல் தேரோட்டம் நின்றது. நடுவில் சில ஆண்டுகள் காவலோடு நடந்து, 2006-க்குப் பிறகு மீண்டும் முடங்கியது. பழைய தேர் பழுதாகிவிட்டது என்று சொல்லிப் புதுத் தேர் செய்தார்கள். அந்தப் புதுத் தேரும் ஓடவில்லை. உளுக்காத மரம், தேயாத அச்சு. ஆனால் நீதிமன்றம் தலையிட்டு 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம் நடக்கிறவரை அது நின்றுகொண்டுதான் இருந்தது. ஜாதிச் சண்டையை மரத்தின் தலையில் போடுவது ஊருக்குச் சௌகரியம். தச்சருக்குக் கூலி கொடுத்தால் போதும். சரிசமமாக வடம் பிடிக்க யாரையும் விடவேண்டியதில்லை.

கொரோனாவால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் 2020, 2021 ஆடிப்பூரங்களில் பெரிய தேர் ஓடவில்லை. 2022 ஆகஸ்ட் 1 அன்று ஓடியது. இரண்டு ஆண்டு என்பது மரத்துக்குக் கரையான் ஏற ஏராளமான காலம். ஆட்கள் மறந்துபோவதற்கு அது போதாது. தேரைத் தெரிந்தவர்கள் தெருவிலேயே இருந்தார்கள். பழுதைப் பார்த்துச் சரிசெய்ய முடிந்தது. கண்டதேவித் தேரோட்டம் நடந்த 2024 ஜூன் 21 அன்றே திருநெல்வேலியிலும் ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேரின் வடம் அன்று ஒருமுறையல்ல, பலமுறை அறுந்தது. இரும்புச் சங்கிலியைக் கொண்டுவந்து பூட்டி இழுத்தார்கள். தேர் நகர்ந்தது.