அநாதைகளின் சொத்துக்கு யார் காவல்?

தகப்பன் இறந்துபோகிறார். பிள்ளைகள் சின்னவர்கள். காணி, மாடு, காசு எல்லாவற்றையும் பார்க்க ஓர் ஆள் வேணும். யூதச் சட்டம் அந்த ஆளை ‘அப்போத்ரோபோஸ்’ என்கிறது. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். தகப்பன் சாகமுதல் ஒருவரை நியமிக்கலாம். இல்லையெண்டால் நீதிமன்றம் நியமிக்கும். ரபிகளின் பார்வையில் நீதிமன்றம்தான் அநாதைகளின் தகப்பன்.

சரி, அந்த ஆளை எப்படி நம்புவது? சொத்தை ஒப்படைக்கும்போது, தான் ஒன்றையும் எடுக்கவில்லை எண்டு அவர் சத்தியம் செய்ய வேணுமா? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இரண்டு கருத்து இருக்கு. தகப்பன் நியமித்தவர் செய்யவேணும், நீதிமன்றம் நியமித்தவருக்குத் தேவையில்லை என்பது ஒன்று. அப்பா ஷாவுல் என்ற அறிஞர் இதைத் தலைகீழாக்குகிறார். அதற்குப் பாபிலோனியத் தல்மூத் சொல்லும் காரணம்: ‘நீதிமன்றமே நம்பிய மனிசன்’ என்ற பெயர் ஒரு லாபம், அதற்காக அவர் சத்தியத்தையும் ஏற்பார். தகப்பனுக்கு உதவியாக வந்தவரிடம் சத்தியம் கேட்டால் விலகிவிடுவார். தல்மூதில் அப்பா ஷாவுலின் பக்கம் நிற்கும் தீர்ப்பு இருக்கு.

ஆக, களவு மட்டுமல்ல, ஒருவருமே முன்வராமல் போவதும் பயம்தான். ரவ் நஹ்மானிடம் வந்த ஒரு வழக்கில், அம்ராம் என்ற சாயக்காரர் அநாதைகளின் காசில் உடுக்கிறார் எண்டு உறவினர் முறையிட்டார்கள். நல்லா உடுத்தால்தானே அவர் பேச்சு எடுபடும் என்றார் நஹ்மான். ஆனால் சொத்தை அழிக்கிறார் எண்டு சாட்சி கொண்டுவந்தால் நீக்குவேன் என்றும் சொன்னார்.

இன்னொரு வழக்கு எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. நீதிமன்றம் பெண்களைப் பாதுகாவலராக நியமிக்காது. ஆனால் சில அநாதைகள் ஒரு கிழவியை அண்டி வாழ்ந்தார்கள். அவ அவர்களின் மாட்டை விற்றுவிட்டா. விற்க இவ யார் எண்டு உறவினர் கேட்டார்கள். பிள்ளைகள் தாங்களே நம்பி அண்டியிருப்பவரும் பாதுகாவலர்தான் என்ற விதியைக் காட்டி, நஹ்மான் அவவின் அதிகாரத்தை ஏற்றார். மாட்டின் விலை ஏறிவிட்டதே என்றார்கள். அது வாங்கியவரின் அதிர்ஷ்டம் என்றார். காசு இன்னும் கைக்கு வரவில்லை எண்டதும்தான் நிலைமை மாறியது. அநாதைகளின் சொத்து கோயில் சொத்துப் போல, காசு கொடுக்காமல் கைமாறாது.

நியமனக் கதவால் வரமுடியாத பெண், பிள்ளைகளின் நம்பிக்கையால் உள்ளே வருகிறா. அது பெரிய விசயம். ஆனாலும் இரண்டு வழக்கிலும் நீதிபதிக்கு முன் பேசுவது உறவினர் மட்டும்தான். யாருக்காக இந்தச் சட்டமோ, அந்தப் பிள்ளைகளின் குரல் பதிவாகவே இல்லை.