தொடருந்து வலையமைப்புப் பகுப்பாய்வு

தொடருந்து வலையமைப்புப் பகுப்பாய்வு என்பது நகரத் தொடருந்துத் தடங்களைக் கோட்டுருவாகக் கருதி, அவற்றின் இணைப்பையும் தாங்குதிறனையும் அளவிடும் முறையாகும். நிலையங்கள் முனைகளாகவும் அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையிலான பாதைகள் விளிம்புகளாகவும் கொள்ளப்படுகின்றன. கோட்டுருவியல், கோனிக்சுபெர்க் பாலங்கள் பற்றி 1736 இல் ஆய்லர் அளித்த தீர்விலிருந்து தொடங்குகிறது.

அளவைகள்

இணைந்த வலையமைப்பு ஒன்றில் விளிம்புகளின் எண்ணிக்கையிலிருந்து முனைகளின் எண்ணிக்கையைக் கழித்து 1 கூட்டினால், அதிலுள்ள சார்பற்ற வளையங்களின் எண்ணிக்கை கிடைக்கும். விடை சுழியம் எனில் மாற்றுவழியே இல்லை. 46 கி.மீ. நீளமுள்ள நீலகிரி மலை இரயில் பாதை இத்தகையது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மண் சரிந்தால், குன்னூர்–உதகை வண்டிகளை மட்டுமே இயக்க முடியும். நீக்கினால் வலையமைப்பு இரண்டாகப் பிரியும் விளிம்பு, வெட்டு விளிம்பு எனப்படும். ஒரு முனை வழியாக எத்தனை குறும்பாதைகள் செல்கின்றன என்பதை அளக்கும் இடைமை அளவையை 1977 இல் பிரீமன் வரையறுத்தார். இவ்வளவை மிகுந்த நிலையம் முடங்கினால் பாதிப்பும் மிகும்.

சென்னை

சென்னை மெட்ரோவின் முதற்கட்டத் தடங்கள் இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. எனவே அதில் ஒரு வளையம் உண்டு; அண்ணா சாலைப் பகுதி அடைபட்டாலும் கோயம்பேடு வழியாகச் செல்லலாம்.

பறக்கும் தொடருந்தின் நிலை வேறு. கடற்கரையிலிருந்து 1995 இல் சேப்பாக்கம், 1997 இல் மயிலாப்பூர், 2007 இல் வேளச்சேரி என நீண்ட அத்தடம், ஒரு முனையில் மட்டும் கட்டப்பட்ட கயிறு போன்றிருந்தது. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை சேவை நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபர் வரை வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தே புறப்பட்டன. அப்பால் செல்வோர் பேருந்தையோ கால்நடையையோ நாட நேர்ந்தது. வேளச்சேரியைப் பரங்கிமலையுடன் சேர்க்கும் ஏறத்தாழ 5 கி.மீ. நீட்சி நிலவழக்குகளால் பல ஆண்டுகள் தாமதமானது. நீளத்தில் சிறிதாயினும், கோட்டுருவில் அது கிளையை வளையமாக்கும் இணைப்பு. அது இருந்திருப்பின் அந்த அடைப்பு பயணத்தை நீட்டியிருக்குமே தவிர, துண்டித்திருக்காது.

வரம்புகள்

பூங்கா, பூங்கா நகர், சென்ட்ரல் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. இவற்றை ஒரே முனையாகக் கொள்வதா, தனித்தனியாகவா என்ற தெரிவு, சூத்திரத்தை விடவும் முடிவை மாற்றக்கூடும். மேலும், அரக்கோணம்–காஞ்சிபுரம்–செங்கற்பட்டுப் பாதை வரைபடத்தில் பெரிய வளையமாகத் தெரிந்தாலும் அதில் ஓடும் புறநகர் வண்டிகள் மிகச் சில. ஆகவே விளிம்புகளுக்கு வண்டிகளின் எண்ணிக்கையை எடையாக இடுவது தேவையாகிறது. இந்திய இரயில்வேயை 2003 இல் ஆராய்ந்த பரோங்கமா சென் குழுவினர், ஒரே வண்டி நிற்கும் நிலையங்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்தனர். இம்முறையில் இரு நிலையங்களுக்கு இடையிலான தொலைவு, ஏற வேண்டிய வண்டிகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது.