மொரீசியஸ் தீவின் ‘தமிழ் கேடட்ஸ்’

சங்கம் என்றால் மதுரைக்காரர்களுக்குத் தமிழ்ச் சங்கம்தான் நினைவுக்கு வரும். இது வேறு சங்கம், கால்பந்துச் சங்கம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மதுரைக்கு எழுத்தராக வந்து முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளியதில் அந்தப் பிரெஞ்சு கால் காசுக்குப் பயன்பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு ஒரு வேலை வந்தது. ஒரு தை மாதம், மீனாட்சி அம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. நெற்றியில் திருநீறு, பார்த்தால் நம் ஊர் முகம். வாயைத் திறந்தால் பிரெஞ்சு! மொரீசியஸ் தமிழர்கள். தமிழில் ‘அம்மா’, ‘காவடி’, ‘கோவில்’ என்று சில சொற்கள்தான் தெரியும். நான் பிரெஞ்சில் பதில் சொன்னதும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒரு மணி நேரம் பேசினோம். கோயிலைப் பற்றி இரண்டு நிமிடம், மீதி நேரம் முழுவதும் கால்பந்து.

மொரீசியஸ் சின்ன நாடு. பரப்பளவு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர், நம் மதுரை மாவட்டத்தைவிடச் சிறியது. மக்கள்தொகை 13 லட்சத்துக்குள். தமிழர்கள் அங்கே போனது புதுச்சேரி வழியாகத்தான். 1746-ல் சென்னையைப் பிடித்தாரே லா பூர்தொனே, அவர் அதற்கு முன்பே அந்தத் தீவுக்கு ஆளுநராகி, துறைமுகம் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் பிறகு வந்த கூட்டம்.

அந்த நாட்டின் முதல் பிரிவுக் கால்பந்தில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சங்கம் இருந்தது. இந்துக்களுக்கு ‘இந்து கேடட்ஸ்’, முஸ்லிம்களுக்கு ‘முஸ்லிம் ஸ்கவுட்ஸ்’, சீனர்களுக்கு ‘டிராகன்ஸ்’, வெள்ளைக்காரர்களுக்கு ‘டோடோ’. ‘ஃபயர் பிரிகேட்’ பெயரளவில் தீயணைப்புப் படை. ஆனால் கிரியோல் மக்கள், அதாவது ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், அதைத் தங்கள் அணியாக நினைத்தார்கள். நம்மவர்களுக்குத் ‘தமிழ் கேடட்ஸ்’. இந்து என்று ஒன்று, தமிழ் என்று தனியாக ஒன்றா என்று கேட்காதீர்கள். அங்கே இந்து என்றால் பீகார் பக்கத்திலிருந்து போன போஜ்புரிக்காரர்கள். தமிழர்கள் தங்களைத் தனியாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், பிறகுதான் இந்தி. 1998-ல் தமிழைக் கீழே தள்ளிப் புது நோட்டு அச்சடித்தபோது நம்மவர்கள் போட்ட போட்டில் அரசு அத்தனை நோட்டுகளையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சுதந்திரம் கிடைத்தது 1968 மார்ச் 12-ல். அதற்குச் சில வாரம் முன்புதான் தலைநகர் போர்ட் லூயியில் இனக்கலவரம் நடந்து ராணுவம் வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இனப் பெயரோடு பந்தாட்டம் என்றால் அரசு பயப்படாதா? 1980-களில் இனப் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள். இந்து போய் ‘கேடட்ஸ்’, முஸ்லிம் போய் ‘ஸ்கவுட்ஸ்’ ஆயின. தமிழ் கேடட்ஸ் ‘சன்ரைஸ்’ ஆனது, பிறகு கிழக்குப் பகுதியான ஃபிளாக்கின் பெயரும் சேர்ந்தது. சன்ரைஸ் என்றால் உதயசூரியன். நம் ஊரில் இந்தப் பெயரை வைத்திருந்தால் பாதிப் பேர் ஆட்டம் பார்க்கவே வந்திருக்க மாட்டார்கள்.

பெயர் மாறிய பிறகுதான் சங்கத்துக்கு நல்ல காலம். 1987-ல் லீக் பட்டம். 1989 முதல் 1992 வரை தொடர்ந்து நான்கு. மறுபடி 1995, 96, 97. ஆக மொத்தம் எட்டு. பெரியவர் வருடங்களை விரல் விட்டு எண்ணிச் சொன்னார், வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசிக் காலத்தில் எல்லா இனத்துப் பையன்களும் அதில் ஆடினார்கள், யாரும் கேட்டதில்லை என்றார்.

1999 மே 23. பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம், ஸ்கவுட்ஸுக்கும் ஃபயர் பிரிகேடுக்கும். ஃபயர் பிரிகேட் ஜெயித்தது. தோற்ற பக்கத்து ரசிகர்களில் ஒரு கூட்டம் கலவரத்தில் இறங்க, அன்று இரவு போர்ட் லூயியில் ‘லாமிக்கால்’ என்ற சூதாட்ட விடுதிக்குத் தீ வைக்கப்பட்டது. ஏழு பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. அரசு கால்பந்தையே நிறுத்திவிட்டது. ஒன்றரை ஆண்டு போல ஆட்டமே இல்லை. மறுபடி தொடங்கியபோது பழைய சங்கங்களுக்கு இடமில்லை; வட்டாரத்துக்கு ஒரு அணி என்று விதி வந்தது. ஃபிளாக்குக்கு ‘ஃபோக்கோன்’ என்று புது அணி, பிரெஞ்சில் வல்லூறு.

அன்று களத்தில் இறங்காத சன்ரைஸும் சேர்ந்தே போயிற்று. பெரியவரின் வருத்தம் அதுதான். “பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். பிறகும் ஏன்?” என்று கேட்டார்.

எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஏழு பிணத்தைப் பார்த்த அரசு வேறென்ன செய்யும் என்றும் தோன்றியது. என் மனைவியின் ஊரில் ஒரு பொங்கலுக்கு நடந்த கபடிப் போட்டியை அவரிடம் சொன்னேன். டீம் பெயரெல்லாம் சாதித் தலைவர்கள் பெயர். ஒரு பாயிண்ட் தகராறு அடிதடியாகி மூன்று வருடம் போட்டியே நடக்கவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடித் தெருப் பெயரில் டீம் என்று முடிவு செய்தார்கள். தெரு என்றாலே என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சிரித்துவிட்டு, எங்கள் வட்டாரமும் கொஞ்சம் அப்படித்தான் என்றார்.

இப்போது அங்கே மைதானத்தில் சண்டை இல்லை, கூட்டமும் இல்லையாம். சனிக்கிழமையானால் டிவியில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் ஆட்டம். பேரன்களுக்குச் சன்ரைஸ் என்ற பெயரே தெரியாது என்றார்.

புறப்படும்போது, தமிழ் கேடட்ஸ் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார். தமிழ் எழுத்தில் அந்தப் பெயரை அவர் பார்த்ததே இல்லை. பையிலிருந்த டைரியில் ஒரு தாளைக் கிழித்துப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே சன்ரைஸ் என்றும் எழுதித் தாருங்கள் என்றார்.