மகள்கள் வழியே வந்த அரச ரத்தம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஆல்ஃபோர்டு என்று ஒரு சிறிய சந்தை ஊர். அங்குள்ள தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1591 ஜூலை 20 அன்று ஒரு பெண் குழந்தையின் பெயர் ஏறியது: ஆன் மார்பரி. தந்தை பிரான்சிஸ் மார்பரி ஒரு பாதிரியார். ஆயர்களின் போக்கைக் கண்டித்துப் பேசியதற்காகச் சிறை கண்டவர். தாய் பிரிட்ஜெட் டிரைடன். அந்தக் குழந்தை வளர்ந்து, துணி வணிகர் வில்லியம் ஹட்சின்சனை மணந்து, 1634இல் கணவரோடும் பிள்ளைகளோடும் ‘கிரிஃபின்’ என்ற கப்பலில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க வரலாற்றில் சமயச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் எந்தப் புத்தகமும் ஆன் ஹட்சின்சனின் பெயரைத் தவிர்க்க முடியாது. அவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 13ஆம் தலைமுறை வாரிசு என்பது அவ்வளவாகப் பலருக்குத் தெரியாது.

1620க்கும் 1640க்கும் இடையில் சுமார் 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் உழவர், நெசவாளர், தச்சர், சிறு வணிகர். அவர்களில் மிகச் சிலருக்கே மன்னர் குடும்பம் வரை ஆவணங்களோடு கொடிவழியை நிறுவ முடிகிறது. அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் இந்தச் சிலரை ‘நுழைவாயில் முன்னோர்’ என்கிறார்கள். ஒரு குடும்பம் தன் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போய் இவர்களில் ஒருவரைத் தொட்டுவிட்டால், அதற்கு அப்பால் இடைக்கால இங்கிலாந்தின் கதவு திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட வாசல்களில் ஆன் ஹட்சின்சனும் ஒருவர். ரோட் தீவுக்குக் குடியேறிய அவர் தங்கை கேத்தரின் ஸ்காட் இன்னொருவர்.

மன்னரிடமிருந்து பாதிரியார் மகள் வரை இறங்கும் பாதை ஏக்கர் நகரில் தொடங்குகிறது. சிலுவைப் போருக்குப் போன எட்வர்டும் அவர் மனைவி எலினோரும் பாலஸ்தீனக் கடற்கரையில் தங்கியிருந்தபோது 1272இல் ஒரு மகள் பிறந்தாள். பிறந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டு, அவள் ‘ஏக்கரின் ஜோன்’ ஆனாள். 1290இல் அவளை குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேருக்கு மணமுடித்தார்கள். மணமகன் நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளர்களில் ஒருவர். மணமகளைவிட ஏறக்குறைய 30 வயது மூத்தவர். இவர்களின் ஒரே மகன் 1314இல் ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போர்க்களத்தில் வாரிசில்லாமல் மடிந்தான். ஆண் வாரிசு இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். இல்லாவிட்டால் சகோதரிகளுக்குச் சம பங்கு. இதுதான் அன்றைய இங்கிலாந்துச் சட்டம். கிளேர் குடும்பத்தின் பரந்த நிலம் மூன்று சகோதரிகளுக்கும் பிரிந்தது. மூத்தவள் எலினோருக்கு வேல்ஸின் கிளாமர்கன் பகுதி கிடைத்தது.

எலினோரின் கணவர் இளைய ஹியூ டிஸ்பென்ஸர். இரண்டாம் எட்வர்டு மன்னரின் நிழலாக இருந்து, அந்தச் செல்வாக்கில் மற்றவர் நிலங்களையெல்லாம் வளைத்துப் போட்டவர். மன்னர் வீழ்ந்தபோது அவரும் வீழ்ந்தார். 1326 நவம்பரில் ஹெரஃபோர்டு நகரில் அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். எலினோர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால் பிறந்த வீட்டின் வழி வந்த நிலம் அவருடையது. சில ஆண்டுகளில் அது அவர் கைக்கே திரும்பியது. கணவன் துரோகியாகத் தூக்கிலேறியும் பிள்ளைகள் பிரபுக் குடும்பமாகத் தொடர முடிந்தது அந்தத் தாயின் சொத்தால்தான்.

மகன் எட்வர்டு 1342இல் பிரிட்டனி போரில் இறந்தார். பேரன் இன்னொரு எட்வர்டு. 1356இல் புவாட்டியே போரில் நின்றவர். குளோஸ்டர்ஷயரின் டியூக்ஸ்பரி மடாலயத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் இவரைக் காணலாம். பொதுவாக நினைவுச் சின்னங்களில் வீரர்கள் கல்லறைமேல் மல்லாந்து படுத்திருப்பார்கள். இவர் ஒரு சிற்றாலயத்தின் கூரைமேல், சிறு கல் விதானத்தின் கீழ், முழுக் கவசத்தோடு முழங்காலிட்டிருக்கிறார். குவித்த கைகள், முகம் பலிபீடத்தை நோக்கி. பூசிய வண்ணம் இன்னும் தெரிகிறது. 1375இல் இறந்த இந்த மனிதர் ஆன் ஹட்சின்சனின் நேர் முன்னோர்களில் ஒருவர்.

அவர் மகள் மார்கரெட், சார்ட்லி பிரபு ராபர்ட் ஃபெரர்ஸை மணந்தார். வாரிக்ஷயரின் மெரிவேல் தேவாலயத்தில் இந்தத் தம்பதியின் உருவம் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் மகள் ஃபிலிப்பா, நார்தாம்ப்டன்ஷயரின் சர் தாமஸ் கிரீனுக்கு வாழ்க்கைப்பட்டார். இங்கேதான் கிளை இரண்டாகப் பிரிகிறது. மகன் வழியில் வந்தவர் கேத்தரின் பார், எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவி. மகள் எலிசபெத் வழியில் வந்தவர் ஆன் ஹட்சின்சன். ஒரே பாட்டன், பாட்டியின் வழியில் ஒருத்தி அரியணைக்கு அருகே போனாள். இன்னொருத்தி நியூயார்க் காட்டுக்குள் போனாள்.

எலிசபெத் கிரீன், ஃபார்ன்பரோ ஊரின் வில்லியம் ராலேயை மணந்தார். மகன் எட்வர்டு ராலே, அவர் மகனும் எட்வர்டு ராலே. மூத்த எட்வர்டின் மனைவி மார்கரெட் வெர்னி, லண்டன் மாநகரத் தலைவராக 1465இல் பதவியேற்ற துணி வணிகர் ரால்ஃப் வெர்னியின் மகள். நிலத்தின் பெருமையும் கடைத்தெருவின் காசும் இப்படித்தான் சம்பந்தம் செய்துகொண்டன. ராலே என்ற பெயரைக் கண்டதும் புகழ்பெற்ற கடலோடி சர் வால்டர் ராலேயை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தோன்றும். பல குடும்பங்கள் அப்படிச் சேர்த்தும் இருக்கின்றன. அது தவறு. இந்தக் கிளை அவர் பிறப்பதற்கு முன்பே பிரிந்துபோனது.

இளைய எட்வர்டின் மகள் பிரிட்ஜெட் ராலே, சர் ஜான் கோப்பை மணந்தார். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது, நார்தாம்ப்டன்ஷயரின் கேனன்ஸ் ஆஷ்பி மடம் கோப்பின் கைக்கு வந்தது. அவர் மகள் எலிசபெத் வழியாக அந்த இடம் மருமகன் ஜான் டிரைடனுக்குப் போனது. அவர் அங்கே எழுப்பிய வீடு இன்றும் நிற்கிறது. ஆனின் தாய் பிரிட்ஜெட் இந்தத் தம்பதியின் மகள். பிரிட்ஜெட்டின் சகோதரர் எராஸ்மஸின் பேரன்தான் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன்.

மன்னருக்கும் ஆனுக்கும் நடுவே 12 பேர். அவர்களில் எட்டுப் பேர் பெண்கள். மீதி நான்கு ஆண்களுக்கும் எட்வர்டு என்றே பெயர். ஒவ்வொரு மகளும் புகுந்த வீட்டின் பெயரை ஏற்றதால், கிளேர், டிஸ்பென்ஸர், ஃபெரர்ஸ், கிரீன், ராலே, கோப், டிரைடன், மார்பரி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. பெயர் மாறும்போது படியும் இறங்கியது: மன்னர், பெரும் பிரபு, சிறு பிரபு, ஊர் நிலக்கிழார், பாதிரியார், வணிகர். யாரும் ஒரே நாளில் சரிந்துவிடவில்லை. மூத்த மகனுக்கே சொத்து என்ற வழக்கத்தில், இளைய மகன்களும் மகள்களும் தலைமுறைக்கு ஒரு படி கீழே நகர்ந்தார்கள். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் இந்த வழியை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்.

பெண்களைப் பின்தொடர உதவும் ஆவணங்களில் முதன்மையானது இறப்புக்குப் பிந்தைய நில விசாரணை. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், மன்னரின் அதிகாரி உள்ளூர் ஆட்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி நான்கு கேள்விகள் கேட்பார்: என்ன நிலம், எப்போது இறந்தார், வாரிசு யார், வயது என்ன. பதில்கள் லத்தீனில் தோல் சுருளில் ஏறும். மகன் இல்லாத வீட்டில் மகள்களின் பெயரும் கணவர்களின் பெயரும் அங்கே வரிசையாக நிற்கும். வாரிசின் வயதில் ஐயம் வந்தால் தனி விசாரணை. சாட்சிகள் தங்கள் வீட்டுப் பிறப்பு, இறப்புகளோடு பொருத்தி அந்தக் குழந்தை பிறந்த ஆண்டைச் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்த இந்த விசாரணைகளின் சுருள்கள் லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரி வசூலுக்காக எழுதப்பட்டவை, இன்று வேறெங்கும் கிடைக்காத குடும்ப உறவுகளைச் சொல்கின்றன.

இரண்டாவது, மரபுச் சின்ன அதிகாரிகளின் சுற்றுப்பயணப் பதிவுகள். 1530 முதல் 1688 வரை இவர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய், குடும்பச் சின்னம் வைத்திருக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று விசாரித்து, கொடிவழியை எழுதிக்கொண்டார்கள். பயனுள்ளவை என்றாலும் கவனம் தேவை. தாத்தா வரை குடும்பத்தார் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேல் பெருமையும் கலந்துவிடும். மூன்றாவது, 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டுத் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள். பிரபு, கூலி என்ற வேறுபாடு பாராமல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் ஊர்தோறும் எழுதப்பட்டது அதன் பிறகுதான்.

மிகக் கடினமான கண்ணி கடல்தான். அந்தக் காலக் கப்பல் பயணிகளின் பட்டியல்கள் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஒரே பெயரில் இங்கிலாந்தில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். குடியேறியவர் அவர்களில் யார் என்று காட்டாத வரை எந்தக் கொடிவழியும் செல்லாது. ஆன் விஷயத்தில் இந்தக் கண்ணி உறுதியானது. 1612 ஆகஸ்டில் லண்டன் தேவாலயம் ஒன்றில் நடந்த திருமணப் பதிவு இருக்கிறது. பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றன்பின் ஒன்றாக ஆல்ஃபோர்டில் பதிவாகியிருக்கிறது. அதே பிள்ளைகளின் பெயர்கள் பாஸ்டன் ஆவணங்களில் மறுபடி வருகின்றன. 1936இல் மெரிடித் கோல்கெட் என்ற ஆய்வாளர் மார்பரி சகோதரிகளின் இங்கிலாந்து மூதாதையர் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பிரபு முன்னோர் மேல் மோகம் பிடித்தபோது, அதை விற்கவும் ஆள் வந்தது. அவர்களில் பேர் போனவர் கஸ்டவ் அஞ்சூ. உண்மையான உயில்கள், பதிவேடுகளின் நடுவே தானே புனைந்த ஒன்றிரண்டு ஆவணங்களைச் செருகி, பெரும் தொகைக்குக் கொடிவழி தயாரித்துக் கொடுத்தார். அவர் செய்த பொய்கள் அச்சேறி, பிறகு வந்த நூல்களில் மறுபதிப்பாகி, இன்றும் சில குடும்ப மரங்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. 1922இல் டொனால்டு லைன்ஸ் ஜேகபஸ் தொடங்கிய ஆய்விதழும் அவர் வழிவந்தவர்களும் ஒவ்வொரு உறவுக்கும் மூல ஆவணம் காட்டு என்று பிடிவாதமாகக் கேட்ட பிறகே இந்தத் துறை சீர்பட்டது. அந்தப் பிடிவாதம் இல்லாமல் இந்த வேலைக்குப் பொருளே இல்லை.

ஆனுக்கு அரச மரபு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பாஸ்டனில் தம் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பாதிரியார்களின் பிரசங்கத்தை விவாதித்தார். பிறகு ஆண்களும் வரத் தொடங்கினார்கள். 1637 நவம்பரில் ஆளுநர் ஜான் வின்த்ரோப் தலைமையிலான மன்றம் அவரை விசாரித்து நாடு கடத்தியது. குடும்பம் ரோட் தீவுக்குப் போனது. கணவர் இறந்த பிறகு ஆன், டச்சுக்காரர் வசமிருந்த, இன்று நியூயார்க்கின் பிராங்ஸ் எனப்படும் பகுதியில் குடியேறினார். அப்போது டச்சு ஆளுநர் கீஃப்ட் பூர்வகுடிகள் மேல் போர் தொடுத்திருந்தார். 1643இல் சிவானாய் மக்கள் நடத்திய தாக்குதலில் ஆனும் உடனிருந்த பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். சூசன்னா என்ற சிறுமி மட்டும் சிறைபிடிக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்டாள்.

பாஸ்டனில் வாழ்ந்த மூத்த மகன் எட்வர்டு வழியில் குடும்பம் தழைத்தது. ஆனின் எள்ளுப்பேரன் தாமஸ் ஹட்சின்சன், தம் எள்ளுப்பாட்டியை விரட்டிய அதே மாசசூசெட்ஸின் ஆளுநராகப் பின்னாளில் உயர்ந்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் புஷ் குடும்பத்தின் இரு அதிபர்களும் ஆனின் வழிவந்தவர்கள். தாமஸ் ஹட்சின்சன் மாசசூசெட்ஸ் வரலாற்றின் இரண்டாம் தொகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது, 1765 ஆகஸ்ட் 26 இரவு, முத்திரைத்தாள் வரியை எதிர்த்த கூட்டம் அவர் வீட்டைச் சூறையாடியது. கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் சிதறியது. ஆண்ட்ரூ எலியட் என்ற பாதிரியார் தாள்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். சேற்றுக் கறையோடு அவை இன்னும் இருக்கின்றன. அந்த இரண்டாம் தொகுதி 1767இல் அச்சானபோது, பிற்சேர்க்கையாக ஆன் ஹட்சின்சனின் விசாரணைப் பதிவையும் அவர் சேர்த்து வெளியிட்டார். மன்றத்தின் கேள்விகளுக்கு ஆன் சொன்ன பதில்கள் இன்று விரிவாகக் கிடைப்பது அந்தப் பிற்சேர்க்கையில்தான்.