சேமிப்புப் பெட்டியில் இரண்டு வன்தட்டுகள்: ஒன்றாகப் பழுதானால் என்ன ஆகும்?

கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு, ஆலயத்தின் ரசீதுகள், சங்க உறுப்பினர் பட்டியல் என எல்லாமே இன்று ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில்தான் இருக்கின்றன. வணிகக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது மலேசிய வருமான வரிச் சட்டத்தின் விதி. இதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு அலுவலகங்கள்கூட இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் கொண்ட சேமிப்புப் பெட்டியை வாங்குகின்றன. ஒன்று போனால் மற்றது இருக்கிறது என்பது நம்பிக்கை.

இந்த முறைக்கு ரெய்டு என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகியோர் 1988இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அது அறிமுகமானது. ரெய்டு 1இல் ஒரே பதிவு இரு தட்டுகளிலும் எழுதப்படும். ரெய்டு 5க்குக் குறைந்தது மூன்று தட்டுகள் தேவை. அவற்றில் ஒன்று போனால் மீட்கலாம். ரெய்டு 6 இரண்டு போனாலும் தாங்கும்.

ஒரு தட்டின் பழுதுக்கும் இன்னொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். 2007இல் பியாங்கா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய 1 லட்சம் வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார். அவருடன் சேர்ந்து எழுதியவர் அதே கார்த் கிப்சன். தயாரிப்பாளர்களின் கணக்குப்படி ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவான தட்டுகளே பழுதாக வேண்டும். உண்மையில் 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. பழுதுகள் கொத்தாக, அடுத்தடுத்து வந்ததும் தெரிந்தது.

இதில் வியப்பில்லை. லோ யாட் பிளாசாவில் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரு தட்டுகள் பெரும்பாலும் ஒரே ஆலையில், ஒரே தொகுதியில் வந்தவை. அதன் பிறகும் அவற்றுக்கு ஒரே சூடு, ஒரே அதிர்வு, ஒரே மின்சாரம். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் எஸ்எஸ்டி சேமிப்பகங்கள் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது. உள்மென்பொருளிலிருந்த பிழையால் அவை சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், பதிவுகளும் திரும்பாது. ஒரே நாளில் பொருத்தப்பட்டவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்பதுதான் அதன் பொருள்.

மிக ஆபத்தான நேரம், பழுதான தட்டை மாற்றிய பிறகு வருகிறது. 12 டெராபைட் தட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்ப 22 மணி நேரம் ஆகும். பெட்டி வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தால் பல நாள்கூட இழுக்கும். வயதான மற்ற தட்டுகள் அவ்வளவு நேரமும் முழு மூச்சாகப் படிக்கப்படுகின்றன. சாதாரணத் தட்டுகளில் 12.5 டெராபைட் படிக்கும்போது ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்பது தயாரிப்பாளர்கள் தரும் எல்லை. நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தலா 4 டெராபைட் கொண்ட நான்கு தட்டு ரெய்டு 5இல் மீட்புக்குப் படிக்க வேண்டியது 12 டெராபைட். பெரிய தட்டுகளுக்கு ரெய்டு 6 பரிந்துரைக்கப்படுவது இதனால்தான்.

வெள்ளத்துக்கு ரெய்டு எண் தெரியாது. 2021 டிசம்பர் 18 மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. கிள்ளானிலும் தண்ணீர் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் எத்தனை தட்டுகள் இருந்தாலும் அத்தனையும் ஒன்றாகவே நனையும். தென்கொரியாவின் தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பகத்திலிருந்த 858 டெராபைட் அழிந்தது. வெளியில் வேறு பிரதி இல்லை.

தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பும், பணம் கேட்கும் வைரஸ் பூட்டிய கோப்பும் அப்படியே இரண்டாம் தட்டிலும் பதிவாகிவிடும். ஆகவே மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது துறையினர் சொல்லும் அளவு. பிரிக்பீல்ட்ஸ் கடையின் பிரதி ஒன்று கிள்ளானில் உறவினர் வீட்டு மாடியில் இருந்தாலும் போதும். வாரம் ஒருமுறை இணைத்துப் புதுப்பித்து, கழற்றி வைக்க வேண்டும். பெட்டிக்குத் தட்டுகள் வாங்கும்போது வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு தயாரிப்புகளாக வாங்குவது நல்லது. பழுது எச்சரிக்கையை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு; அதை இயக்கி வைக்காததால், முதல் தட்டு நின்றதே தெரியாமல் பல மாதம் ஓடும் பெட்டிகளும் இருக்கின்றன.