ஒஸ்ரினுக்குள் நிஸான்

செட்டிகுளத்தில எங்கட வளவில, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில ஒரு இஞ்சின் கிடக்குது. கோழி அதுக்கு மேல ஏறி நிக்கும். பழைய இரும்பு எடுக்க வாற ஆக்கள் வருசத்துக்கு ரெண்டு மூண்டு தரம் படலையில நிண்டு விலை கேப்பினம். அம்மா குடுக்கமாட்டா. அது மாமாவின்ர ஏ40 காரின்ர இஞ்சின். கார் இப்ப இல்லை.

இஞ்சின் மாத்திறதைப் பற்றி இணையத்தில தேடினால் அமெரிக்கக்காரர், ஒஸ்ரேலியாக்காரர் செய்யிற வேலைகள்தான் வரும். அவையளுக்கு அது வேகத்துக்கான விளையாட்டு. எங்கட பக்கம் அது வேற காரணத்துக்காக நடந்தது. காரை வைச்சிருக்கவேணும், ஆனா ஓட்ட வழியில்லை எண்ட நிலைமையில நடந்தது.

முதலில், 1950களின் கார் எப்படி 2000கள் வரைக்கும் எங்களோடு இருந்தது என்று பார்க்கவேண்டும். ஒஸ்ரின் ஏ40 சமர்செற் 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1200 சிசி பெற்றோல் இஞ்சின், 42 குதிரைவலு. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுகியது. 1977இல் சந்தை திறக்கும்வரை புதுக்கார் என்பது பெரும்பாலானவர்களுக்குக் கனவு. ஆகவே இருக்கிற ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். மாமாவின்ர காருக்கு ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. 1957–58இல் ஸ்ரீ எழுத்துக்கு எதிராகத் தமிழர் போராடினார்களே, அதுக்கு முந்தின கார் அது. மாமா அதை ஒரு பெருமையாகவே சொல்லுவார்.

தெற்கில் 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் நிறைந்தன. வடக்கிலும் வரத்தான் செய்தன. ஆனால் 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கி, வவுனியாவுக்கு வடக்கே பொருளாதாரத் தடை வந்தவுடன் கணக்குத் தலைகீழாகியது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம், அதுவும் கூப்பனுக்கு. அப்பதான் எல்லாருக்கும் ஒரு விசயம் விளங்கிச்சு: புதுக்காரை விடப் பழைய கார் திறம்.

காரணம் மந்திரமில்லை. மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதோடு, அமுக்கம் கூடின இஞ்சினுக்குள் அது முன்கூட்டியே பற்றி, 'டக் டக்' எண்டு தட்டும், பிஸ்டனைப் பழுதாக்கும். எண்பதுகளின் ஜப்பான் பெற்றோல் இஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக அமுக்குகிறவை. ஏ40 அமுக்குவது ஏழில் ஒரு பங்கு மட்டுந்தான். அந்தக் காலத்துப் பெற்றோல் தரக்குறைவு, அதுக்கு ஏற்ற மாதிரிச் செய்த இஞ்சின் அது. ஆகவே மண்ணெண்ணெயையும் ஒருமாதிரிச் செமிச்சுக்கொள்ளும். முதலில் போத்தலிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணவேண்டும். இஞ்சின் நல்லாச் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இடையில் நிண்டால் துலைஞ்சுது, திரும்பச் சொட்டுப் பெற்றோல்.

இதை யாழ்ப்பாணத்தாரோ வன்னியாரோ புதிசாகக் கண்டுபிடிக்கவில்லை. 1940களின் கடைசியில் வந்த ஃபேர்கசன் ட்ரக்ரரில் ஒரு வகை, கொம்பனியிலிருந்தே பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடும்படி வந்தது. கமக்காரருக்குத் தெரிஞ்ச வித்தைதான் காருக்கு வந்தது. ஆனா அதுக்கு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்ஸ் வழியாக இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பெயாரிங் தேயும். வெள்ளைப் புகை. மாமாவின்ர இஞ்சினை அடிச்சது குண்டு இல்லை, ஒயில்தான். கிளிநொச்சியில் பன்னிரண்டு வருசம் மண்ணெண்ணெய் குடிச்சு, சிலிண்டர் தேய்ஞ்சு, ஏத்தம் ஏறமாட்டன் எண்டு நிண்டிட்டுது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருசம் மாமா அந்தக் காரை ஒருமாதிரி ஓமந்தையால கொண்டுவந்து எங்கட வளவில விட்டார். எனக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தால வந்து சாப்பிடாமல் அங்கதான் நிப்பன்.

கராஜ்கார அண்ணை வவுனியாவில் வாங்கி வந்தது ஒரு நிஸான் வனெட் வானின் எல்டி20 டீசல் இஞ்சின், கிட்டத்தட்ட 2000 சிசி. ஏன் வான் இஞ்சின் எண்டு கேட்டன். "கார் எல்லாம் இப்ப முன்சில்லுதான்ரா இழுக்கிறது, அதுகளின்ர இஞ்சின் குறுக்கால இருக்கும். இதுக்கு நெடுக்க இருக்கவேணும், சக்தி பின்சில்லுக்குப் போகவேணும்" எண்டார். அந்த ஒரு வசனத்தில் பாதிப் பாடம் இருக்குது. மிச்சப் பாதி ஒண்டோடு ஒண்டு பொருந்தாத சாமான்களின் கதை. பழைய கியர்பொக்ஸ் புது இஞ்சினோடு பூட்டுப்படாது, ஆகவே வானின்ர கியர்பொக்ஸும் வரவேணும். ஒஸ்ரினுக்கு ஸ்ரேரிங்கில் கியர், இனி நிலத்தில். அப்ப தரையை வெட்டவேணும். கியர்பொக்ஸ் நீளம் மாறினால் பின்னுக்குப் போற ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டவேணும், அது நேராக இல்லாட்டில் கார் முழுக்க உதறும். பழைய பிரித்தானியக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு சேரும், ஜப்பான்காரனுக்கு நெகற்றிவ். வயரிங் முழுக்கத் திருப்பவேணும். டீசல் இஞ்சின் பாரம், முன் ஸ்பிரிங் தாழும்.

எனக்கு இப்ப யோசிக்கப் பயமாக இருக்கிற இடம் பிறேக். 42 குதிரைவலுவுக்குச் செய்த ட்ரம் பிறேக்கோடு அறுபதுக்கு மேற்பட்ட குதிரைவலு. அந்த நேரம் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைச்சதாக ஞாபகமில்லை. நல்லகாலம், ஒஸ்ரினின்ர பின் அச்சுப் பல்லு விகிதம் ஐந்துக்கு மேல. சில்லு ஒருக்காச் சுற்ற ஷாஃப்ட் ஐந்து தரத்துக்கு மேல சுற்றவேணும். அறுபதைத் தாண்டினால் இஞ்சின் கத்தத் தொடங்கும், ஆர் ஓடினாலும் தானாகவே காலை எடுப்பினம்.

இனி அந்த நாட்களில் எனக்குத் தெரியாத, பிறகு வாசிச்சு வாயைப் பிளந்த ஒரு விசயம். நிஸான் கொம்பனி ஒழுங்கான கார் செய்யப் பழகியதே ஒஸ்ரினிடம்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான் கார்த்தொழில் நலிந்து கிடந்தது. 1952 டிசெம்பரில் நிஸான் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, 1953இல் ஏ40 சமர்செற்றை ஜப்பானில் பூட்டத் தொடங்கியது. அதே மாமாவின்ர கார்! பிறகு ஏ50 கேம்பிரிட்ஜ். சில வருடங்களில் எல்லாப் பாகங்களையும் ஜப்பானிலேயே செய்தார்கள். சொந்தமாகச் சின்னக் காருக்கு இஞ்சின் தேவைப்பட்டபோது டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சொன்ன யோசனை எளிமையானது: ஒஸ்ரினின் 1489 சிசி இஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரத்தைக் குறையுங்கள், இருக்கிற இயந்திரங்களிலேயே 1000 சிசிக்குக் கிட்ட ஒரு இஞ்சின் வரும். 1957இல் டட்சன் 210 அதோடுதான் வந்தது.

வனெட் வானின்ர டீசல் இஞ்சின் அதன் நேர்வாரிசு இல்லை, இடையில் எவ்வளவோ மாறிவிட்டது. எண்டாலும் ஒஸ்ரினிடம் தொழில் பழகினவன் ஐம்பது வருசத்துக்குப் பிறகு, செட்டிகுளத்து மாமர நிழலில், ஒஸ்ரினின் பொனட்டுக்குள்ள வந்து இருந்தான். இதுபோல ஹில்மன் காரைப் பூட்டிப் பழகியது இசூசு. அக்கரையில் இந்தியாவின் அம்பாசடர், மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டின் உடம்பு, 1990களின் தொடக்கத்தில் அந்த இசூசுவின் 1800 சிசி இஞ்சினை வாங்கிப் போட்டுக்கொண்டு 2014 வரை ஓடியது. அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை செய்த வேலையைத்தான் இங்கே ஒரு அண்ணை செயின்புளொக்கை மாமரக் கொப்பில கட்டிச் செய்தார்.

தொழிற்சாலைக்கும் மாமரத்துக்கும் ஒரு வித்தியாசம், கடதாசி. இலங்கையில் வாகனப் பதிவுப் புத்தகத்தில் செசி நம்பரும் இஞ்சின் நம்பரும் இருக்கும், எரிபொருள் வகையும் இருக்கும். இஞ்சின் மாத்தினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். அதுக்குக் கொழும்புக்குப் போகவேணும், இஞ்சின் வாங்கின பற்றுச்சீட்டு வேணும். கிளிநொச்சியில் இருந்த ஒரு ஆளுக்கு 2003இல் கொழும்பு எண்டது லேசான பயணமில்லை. "பிறகு பாப்பம்" எண்டார் மாமா. புது இஞ்சினோடு கார் கிளிநொச்சிக்குப் போச்சு. பழையது எங்கட வளவில தங்கிச்சு. புத்தகத்தில் இருந்தது பழையதின் நம்பர்.

2008 கடைசியில் மாமா குடும்பம் அந்தக் காரில்தான் வெளிக்கிட்டது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. கூரையில் பாய், சைக்கிள், தண்ணிப்பானை. டீசல் முடிஞ்சபிறகு திரும்பவும் மண்ணெண்ணெய், இந்தமுறை டீசல் இஞ்சினுக்குள்ள. முள்ளிவாய்க்காலில் விட்டிட்டு நடந்தினம். அங்கே வரிசை வரிசையாகக் கிடந்த வாகனங்களின் படங்கள் பிறகு வந்தன, நான் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுத் தேடியிருக்கிறன்.

நடந்தவையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து விட்ட இடம் மெனிக் பாம். அதுவும் செட்டிகுளந்தான். முட்கம்பிக்குள் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட சனம், எங்கட வீட்டிலிருந்து சில மைல். பிரிவுகளுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எண்டு பெரிய ஆக்களின் பெயர். அம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் நிண்டு அண்ணையைப் பாத்துட்டு வருவா. 2009 டிசெம்பரில்தான் வெளியே போய்வர விட்டார்கள்.

முதல்நாள் வந்த மாமா தேத்தண்ணி குடிக்க முன்னமே மாட்டுக்கொட்டிலடிக்குப் போனார். ஷொப்பிங் பையுக்குள்ள அடையாள அட்டைகளோடு அந்தப் புத்தகம். அவ்வளவு தூரமும் கொண்டுவந்திருக்கிறார். இஞ்சினில் கோழிப்பீயைச் சுரண்டி, பெருவிரலால் தேய்ச்சு, நம்பரை ஒவ்வொண்டா வாசிச்சார். புத்தகத்தைப் பாத்தார்.

"சரியாத்தான் இருக்கு" எண்டார் அம்மாவிட்டை.