‘இல்லை’ என்பதும் ‘கிடைக்கவில்லை’ என்பதும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து போன் வந்தது. காலமாகிவிட்ட என் நண்பரின் மகள். “மாமா, எங்க கொள்ளுத்தாத்தாவோட பழைய பேரை அப்பா கண்டுபிடிச்சு உங்களுக்கு மெயில் போட்டாராம், அம்மா சொல்றாங்க. இன்னும் இருக்குமா?” என்று கேட்டாள். “நான் எதையும் அழிக்கிறதில்லம்மா, பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

நானும் அவரும் 2001-இலிருந்து எட்டு வருஷம், அநேகமாக வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டவர்கள். கணினியில் உள்ள மின்னஞ்சல் நிரலைத் திறந்து, தேடும் கட்டத்தில் அவர் பெயரைத் தட்டினேன். நான்கே கடிதங்கள் வந்தன. மற்றவை போய்விட்டனவா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பர்களே, இதைச் சரிசெய்த கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய வரலாறு சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கோளாறு கணினியோடு பிறந்தது அல்ல.

நாம் தேடும்போது கணினி கடிதங்களைப் படித்துப் பார்க்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியல்ல. அது பார்ப்பது ஓர் அட்டவணையை. எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் வருகிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் அது. இந்த யுக்தி 13-ஆம் நூற்றாண்டிலேயே பாரீசில் இருந்தது. சேன் ழாக் மடத்துத் தொமினிக்கன் துறவிகள், யூக் த சேன்-ஷேர் என்பவர் தலைமையில், லத்தீன் விவிலியத்தின் சொற்களை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த நூலில், எந்த அதிகாரத்தில் வருகிறது என்று குறித்தார்கள். அதிகாரத்தையும் ஏழு பாகமாகப் பிரித்து, எந்தப் பாகம் என்றும் காட்டினார்கள். இன்றைய தேடுபொறியின் அடிப்படையும் இதேதான்.

பிரெஞ்சு அரசாங்கம் இதைத் தன் நிர்வாகத்திலும் கொண்டுவந்தது. 1792 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சட்டம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைக் கோயில் பாதிரிமார்களிடமிருந்து நகராட்சிகளுக்கு மாற்றியது. அதுதான் எத்தா சிவில். 1807 ஜூலை 20-ஆம் தேதி ஆணை, ஆண்டுக்கு ஒரு அகரவரிசை அட்டவணையும், பத்தாண்டுக்கு ஒரு பெரிய அட்டவணையும் எப்படிப் போட வேண்டும் என்று வரையறுத்தது. தாப்ள் தெசெனால் என்று நாம் சொல்வது அந்தப் பத்தாண்டு அட்டவணையைத்தான். புதுச்சேரியில் பழைய பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு வயதான அம்மாள் தன் தம்பியின் பிறப்புப் பதிவு கேட்டு வந்தார். பிறந்த வருஷத்துக்குரிய பத்தாண்டு அட்டவணையைப் பார்த்தேன். பெயர் இல்லை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருஷம் பார்த்தேன். இல்லை. மனுவின் மேல் ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தலைமை எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார். “அடுத்த அட்டவணையையும் பார்த்தியா?” என்றார். பார்க்கவில்லை. அந்தக் காலத்துப் பிரெஞ்சு சிவில் சட்டப்படி பிறப்பை மூன்று நாளைக்குள் அறிவிக்க வேண்டியிருந்தது. தவறினால் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பதிய முடியும். ழுழ்மான் சுப்ளெத்தீஃப் என்பது அதுதான். அந்தத் தீர்ப்பு, பிறந்த வருஷத்து ஏட்டில் அல்ல, தீர்ப்பு வந்த வருஷத்து ஏட்டில் ஏறும். தம்பியின் பதிவு பதினொரு வருஷம் தள்ளி இருந்தது. “இனிமே ‘இல்லை’ன்னு எழுதாதே. ‘பார்த்த ஏடுகளில் கிடைக்கவில்லை’ன்னு எழுது. எந்தெந்த ஏடு பார்த்தேன்னும் எழுது” என்றார் அவர். ஓய்வு பெறும் வரை நான் அப்படித்தான் எழுதினேன்.

இப்போது கணினிக்கு வருவோம். 1971-இல் ரே டாம்லின்சன் இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது அட்டவணைக்குத் தேவையே இல்லை. கடிதங்கள் சிலவே இருந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துத் தேடிவிடலாம். 2000-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் சேர்ந்தன. 2004-இல் கூகுள் டெஸ்க்டாப், 2005-இல் ஆப்பிளின் ஸ்பாட்லைட், 2009 டிசம்பரில் தண்டர்பேர்டு 3 என்று, வீட்டுக் கணினிகளிலும் அட்டவணைத் தேடல் வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும். ஆனால் அட்டவணையில் ஏறாத கடிதம் அதற்குக் கடிதமே அல்ல.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கடித அடுக்குகளை மாற்றியபோது கடிதங்கள் எல்லாம் வந்துவிட்டன, அட்டவணை மட்டும் புதிதாகப் போடப்படவில்லை. பொதுத் தேடலை விட்டுவிட்டு, பழைய அடுக்கு ஒன்றை நேரே திறந்து பார்த்தேன். நண்பரின் கடிதங்கள் வரிசையாக இருந்தன! அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு அமைப்புகளில் போய், பழைய அட்டவணையை நீக்கிப் புதிதாகப் போடச் சொன்னேன். இதனால் கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது, அட்டவணை மட்டும்தான் மாறும். இருந்தாலும் முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துவைத்தேன். அட்டவணை வேலை முடிய நேரமாகும். நடுவில் கணினியை அணைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் நான்கு கடிதங்கள் இருநூற்றுக்கு மேல் ஆகியிருந்தன.

ஆனால் ‘கொள்ளுத்தாத்தா’ என்று தேடினால் இரண்டே கடிதங்கள், இரண்டிலும் அந்தப் பெயர் இல்லை. இரண்டாவது காரணம் இங்கே இருந்தது. கடிதங்கள் தூரத்துச் சேவைக் கணினியிலேயே இருக்க, நம் கணினிக்குத் தலைப்பும் அனுப்பியவர் பெயரும் மட்டும் வந்திருக்கலாம். ஐமேப் என்னும் முறை அதற்கு இடம் கொடுக்கிறது. 1986-இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது அது. உறை கைக்கு வந்து கடிதம் வராத கதை. உள்ளே இருக்கும் சொல் அட்டவணையில் எப்படி ஏறும்? அந்த அடுக்குகளை முழுவதும் இறக்கி வைக்கும்படி அமைத்தேன்.

மூன்றாவது காரணம் நம் தமிழ். ‘தாத்தா’ என்று தேடினால் ‘தாத்தாவின்’ அகப்படாமல் போகலாம். ‘வீடு’ என்றால் ‘வீட்டில்’ வராது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் வடிவம் மாறிவிடுகிறதே! அதோடு, ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம், ஒரே குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாக்கத் தெரியாத நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது பழைய எழுத்துரு விஷயம். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம் பெற்றாலும், நம் வீட்டுக் கணினிகளுக்கு அது வந்து சேரப் பல வருஷம் ஆனது. அதுவரை டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகும் பழக்கம் உடனே மாறவில்லை. நண்பரின் முதல் இரண்டு வருஷக் கடிதங்கள் டிஸ்கியில் இருந்தன. அந்த எழுத்துரு இப்போது என்னிடம் இல்லாததால், திரையில் அக்சானும் செதிய்யும் போட்ட எழுத்துகள் குவியலாக நின்றன. பார்த்தால் பிரெஞ்சு போல இருக்கும், படித்தால் ஒன்றும் இருக்காது. அதில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

ஆகவே சொல்லை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தேன். நண்பர் பதிவேடு பார்க்கப் போனது 2002-இல் என்று நினைவு. அந்த வருஷக் கடிதங்களை ஒவ்வொன்றாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குறியீடு மாற்றியில் போட்டுப் படித்தேன். பதினேழாவது கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தது.

அந்தக் குடும்பத்தின் கதையும் இதே மாதிரிதான். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஏற்பவர் ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ள வேண்டும். ரெனோன்சான்கள் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது நம் ஊர் அறிந்த கதை. நண்பரின் பாட்டனாரும் அப்படி மாறியவர். புதுப் பெயரில் தேடினால் குடும்பம் அந்த இடத்தோடு நின்றுவிடும். அதற்கு முன்னால் உள்ளவர்களெல்லாம் பழைய பெயரில்தான் ஏடுகளில் இருப்பார்கள். ஒரே ஆள், இரண்டு பெயர். பழைய பெயர் தெரிந்தால்தான் முந்தைய பக்கம் திறக்கும். நண்பர் பல மாதம் ஏடு புரட்டி அதைக் கண்டுபிடித்திருந்தார். கடிதத்தின் கடைசியில், “நமக்குப் பிறகு பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டும், பத்திரமாக வை” என்று எழுதியிருந்தார். நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் எடுக்கத் தெரியாமல் வைத்திருந்தேன்.

அன்று மாலையே மகளுக்கு அந்தக் கடிதத்தை யூனிகோடில் மாற்றி அனுப்பினேன். மற்ற டிஸ்கிக் கடிதங்களையும் தினம் ஐந்தாக மாற்றி வருகிறேன். உங்களிடமும் அந்தக் காலத்துக் கடிதங்கள் இருக்கும். தேடிப் பார்த்து ஒன்றும் வராவிட்டால் உடனே அழித்துவிடாதீர்கள். எந்த அடுக்கில், எந்தச் சொல்லில், எந்த எழுத்தில் தேடினீர்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் பார்த்த பிறகும் வேண்டுமானால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள்.